பழைய பிஎம்டபிள்யூ எம்5 (எஃப்10): விலை சரியும், பெட்ரோல் சரியாது

பிஎம்டபிள்யூவின் அதிவேக செடான் காரான எம்5ல், 2011ல் வந்த எஃப்10 தலைமுறையை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறேன், பிடித்திருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், இரட்டை டர்போ, 560 குதிரைத்திறன், பின்னால் மூன்று பேர் வசதியாக உட்காரலாம். புதிதாக வாங்கியவர்தான் மதிப்பிழப்பின் பெரும்பகுதியைச் சுமந்துவிட்டார். இந்த மாதிரி கார்கள் முதல் சில வருடங்களில்தான் மளமளவென்று விலை இறங்கும், ஏனென்றால் வாரண்டி முடிந்த பிறகு பராமரிப்புச் செலவுக்குப் பயந்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆனால் உதிரிபாகங்களின் விலை காரோடு சேர்ந்து இறங்காது. பிரேக் டிஸ்க், டயர் எல்லாம் புதுக் காருக்கு உள்ள விலைதான். அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்காமல் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம் மைலேஜ். நிறுவனம் சொன்ன கணக்கு 100 கிலோமீட்டருக்கு 9.9 லிட்டர், அதாவது லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் அதை நெருங்கலாம், ஊருக்குள் நின்று நின்று போனால் அதில் பாதியே பெரிய விஷயம். இதற்கு முந்தைய தலைமுறை எம்5ஆன இ60ல் இருந்த 5 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜினுக்கு நிறுவனக் கணக்கே 14.8 லிட்டர், அதனால் இரண்டுக்கும் நடுவில் தயங்குபவர்களுக்கு நான் எஃப்10ஐத்தான் சொல்வேன். சர்வீஸ் பதிவு முழுதாக இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.