பச்சைப் புள்ளிய நம்பி 18,600 யென் போச்சு, ஜப்பானுக்குப் புதுசா வந்தவங்க இதைப் படிச்சிட்டு வாங்குங்க

ஆத்திரத்துல டைப் பண்றேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. நேத்து சாயங்காலம் பக்கத்து கன்வீனியன்ஸ் ஸ்டோர் கவுண்டர்ல 18,600 யென் கட்டிட்டு வந்தேன். நம்ம காசுக்கு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல. நகையா நட்டா, நொறுக்குத்தீனிக்கு! அதுவும் எங்க வீட்ல யாரும் வாயில வைக்க முடியாத நொறுக்குத்தீனிக்கு.

நாங்க டோக்கியோ நிஷிகசாய் பக்கம் வந்து மூணு மாசம் ஆகுது. இங்க பருப்பு, புளி, அப்பளம் எல்லாம் கிடைக்குது, அதுல குறையே இல்ல. ஆனா ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க திங்கிறதப் பாத்துட்டு வந்து எனக்கும் அது வேணும்னு பையன் அழறான், நாங்களோ சுத்த சைவம். ஜப்பானிய எழுத்த மொழிபெயர்த்துப் பாக்க, சூப்பர் மார்க்கெட்ல போன் கேமராவ ஒவ்வொரு பாக்கெட்டு மேலயும் காட்டிக் காட்டி நிப்பேன். அரிசி வடாம் மாதிரி இருக்கேன்னு எடுத்தா உள்ள சூரை மீன் சாறு, கொன்சோமேன்னு எழுதின உருளைக்கிழங்கு சிப்ஸ்ல மாட்டு சாறு கோழி சாறு, பஞ்சு மாதிரி இருக்கிற மிட்டாய்ல ஜெலட்டின். முக்கா மணி நேரம் நின்னுட்டு வாழைப்பழம் வாங்கிட்டு வந்த நாளெல்லாம் உண்டு.

அப்பத்தான் போன்ல அந்த விளம்பரம் வந்துச்சு. மாசாமாசம் ஜப்பான் தீனி பெட்டி அனுப்புற ஆன்லைன் கடை. பேர் சொல்லல, சொன்னா அதுக்கு வேற வம்பு வரும். இந்திய சைவக் குடும்பங்களுக்குன்னே பொறுக்கி எடுத்ததுன்னு போட்டு ஒவ்வொரு பாக்கெட்லயும் பச்சை சதுரத்துக்குள்ள பச்சைப் புள்ளி. நம்ம ஊர் பிஸ்கட் பாக்கெட்ல இருக்குமே, அச்சு அசல் அதேதான். அதைப் பாத்ததும் கும்பகோணம் ஸ்டேஷன்ல இறங்கின மாதிரி ஒரு நிம்மதிங்க, சத்தியமா சொல்றேன், கண்ணே கலங்கிருச்சு. முதல் பெட்டி 500 யென்தான்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. அமுக்கிட்டேன். கீழ சாம்பல் கலர்ல எறும்பு மாதிரி ஜப்பானிய எழுத்து ஓடிச்சு, மிட்டாய் பாக்கெட்டுக்கெல்லாம் கேமரா காட்டின மகராசி அதுக்குக் காட்டல பாருங்க.

முதல் பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சிப்ஸ் பையனுக்கு ரொம்பப் பிடிச்சுது, அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், கீழ் வீட்டுப் பொண்ணுக்கும் சொல்லித் தொலைச்சேன் (அவ நல்லவேளையா வாங்கல).

அடுத்த மாசம் நான் கேக்காமலே ரெண்டாவது பெட்டி வந்து நிக்குது, கூட 6,200 யென்னுக்கு ஒரு சீட்டு. சரி வந்தது வந்துருச்சுன்னு பையன் ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு பாதி தின்னுட்டான். பச்சைப் புள்ளி ஸ்டிக்கர் ஒரு ஓரம் தூக்கிட்டு இருந்துச்சு, நகத்தால உரிச்சேன். அடியில அச்சடிச்ச பட்டியல்ல "போகு எகிசு". மூணு மாசத்துல நான் கத்துக்கிட்ட எழுத்தே அதான். பன்னி சாறு. கடைக்காரனே மேல ஒட்டி மறைச்சிருக்கான். பையன் விரல்ல ஒட்டின தூளை நக்கிட்டே என்னம்மான்னு கேக்கறான், என்னத்தச் சொல்ல.

போன் போட்டா லைன் பிசின்னு ரெக்கார்டு பண்ண குரல் ஓடிட்டே இருந்துச்சு, இருபது நிமிஷம். சாட்ல போனா ரோபோ, "உங்கள் கருத்துக்கு நன்றி". மூணாம் நாள் ஒரு மனுஷன் கிடைச்சான். நீங்க நாலு பெட்டிக்கு ஒத்துக்கிட்டீங்க, முதல் பெட்டி சலுகை, மிச்சம் மூணுக்கு 18,600 கட்டினாத்தான் கணக்கு முடியும்ங்கிறான். ஸ்டிக்கர் விஷயம் கேட்டா அது வேற டிபார்ட்மென்ட்டாம். அப்புறம் பணம் கட்டச் சொல்லி கடுதாசி மேல கடுதாசி. வீட்டுக்காரர் பயந்துட்டார், விசாவுல ஏதாவது சிக்கல் வந்துரப்போகுது கட்டித் தொலைன்னார். தொலைச்சேன். 18,600.

கட்டிட்டு வந்தப்புறம்தான் எதிர் வீட்டு ஜப்பான்கார அம்மா 188னு ஒரு நம்பர் இருக்குன்னு சொன்னாங்க. அரசாங்க நுகர்வோர் உதவி எண், நம்ம ஏரியா மையத்துக்கு இணைச்சு விடுவாங்க. அந்த அம்மாவையே பேச வெச்சேன். அங்க சொன்னது என்னன்னா, வீடு தேடி வந்து விக்கிறதுக்கு இருக்கிற 8 நாளுக்குள்ள ரத்து பண்ற உரிமை ஆன்லைன் ஆர்டருக்குக் கிடையாது. ஆனா 2022 ஜூன்ல மாத்தின சட்டப்படி ஆர்டர் பட்டன் இருக்கிற கடைசி பக்கத்துல எத்தனை தடவை அனுப்புவாங்க, மொத்தம் எவ்வளவுன்னு தெளிவாக் காட்டணும், ஏமாத்துற மாதிரி காட்டியிருந்தா ரத்து பண்ணலாம். ஸ்கிரீன்ஷாட் இருக்கான்னு கேட்டாங்க. எங்க இருக்கு. கடைக்குப் பேசிப் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க.

நிறைய டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன், மண்டை ஓடல. "முதல் தடவை மட்டும்" 500 யென்னு பாத்தா ஓடிருங்க. "தேகி" அப்படின்னு வந்தா தொடர்ந்து அனுப்புவான்னு அர்த்தம். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட். பச்சைப் புள்ளி இங்க கட்டாயம் இல்ல, ஸ்டிக்கரா இருந்தா உரிச்சுப் பாருங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி 188, என்ன மாதிரி கட்டிட்டு இல்ல.

பையன் வர்ற நேரமாச்சு. மூணாவது பெட்டி வெள்ளிக்கிழமை வருதாம், அதுக்கு மட்டும் மெசேஜ் டாண்ணு வந்துருச்சு.