கம்பு வைத்த ஸ்பின்னேக்கரா, மேஸ் போட்டதா?

28 அடிப் படகு, ஆட்கள் இரண்டே பேர்: நானும் மனைவியின் தம்பியும். இலேசான காற்றில் ஜெனோவா என்ற முன்பாய் சோர்ந்து தொங்குவதைப் பார்த்து அலுத்துப்போய், போன வருடம் பின்காற்றுக்கென்று ஸ்பின்னேக்கர் என்ற பெரிய பாய் ஒன்று எடுப்பதென்று முடிவாயிற்று. கம்பு வைத்து விரிக்கும் சமச்சீரான பழைய ஸ்பின்னேக்கரா, முன்மூலையை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கட்டிப் பறக்கவிடும் அசிமெட்ரிக்கா? அசிமெட்ரிக்தான் எடுத்தோம், ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நேர் பின்காற்றில் கம்பு வைத்ததை அடிக்க ஆளில்லை. அந்தக் கோணத்தில் அசிமெட்ரிக் மெயின் பாயின் மறைப்பில் விழுந்து படபடக்கும். ஆனால் திருகோணமலையில் நாங்கள் போகிற பாதையைப் பாருங்கள். கோணேசர் மலையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ 9 கடல் மைல், வடக்கே சற்று மேற்காக. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது போகிற வழியிலும், வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது வருகிற வழியிலும் காற்று இடப்பக்கம், கொஞ்சம் பின்னாலிருந்து வரும். அசிமெட்ரிக்குக்கென்றே அளந்து வைத்த கோணம். மற்ற வழிக்கு இரண்டுமே உதவாது, ஜெனோவாதான்.

கயிற்றுக் கணக்கும் தெரிந்ததுதான். கம்பு வைத்ததில் கம்பைத் தூக்க ஒன்று, கீழே பிடிக்க ஒன்று, இரண்டு பக்கமும் இழுகயிறுகள். அசிமெட்ரிக்கில் முன்மூலைக்கு ஒன்று, பின்மூலைக்கு இரண்டு, அவ்வளவுதான்.

உண்மையில் எங்களுக்காக முடிவெடுத்தது இறக்கும் வேலை. ஏற்றும்போது எல்லாரும் கெட்டிக்காரர். 15 நொட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்றில் அதே திசையில் 5 நொட்டில் ஓடினால் முகத்தில் படுவது 10 தான், சுகமாக இருக்கும், காற்று ஏறியதே விளங்காது. விளங்கும்போது இறக்க வேண்டும். கம்பு வைத்ததென்றால் ஒருவர் சுக்கானில், ஒருவர் ஏற்றுகயிற்றில், ஒருவர் மெயின் பாய்க்குக் கீழே நின்று துணியை அள்ள. அந்த மூன்றாவது ஆளுக்கு நாங்கள் எங்கே போவது?

அசிமெட்ரிக்குக்கு நீண்ட உறை ஒன்று உண்டு. மேலிருந்து கீழே இழுத்தால் பாய் முழுவதும் அதற்குள் போய்விடும். காலுக்குப் போடுவது மாதிரி இருப்பதால் நாங்கள் அதை மேஸ் என்றே சொல்கிறோம். ஆனால் பாயில் காற்று நிற்கும்வரை மேஸ் இறங்காது. இதை உப்புவெளிக்கு நேரே கற்றுக்கொண்டோம். நான் இழுகயிற்றைத் தளர்த்தாமலே “இழு, இழு” என்று கத்த, அவன் இறக்குகயிற்றில் தொங்கினான். கயிறு அவனை இரண்டடி மேலே தூக்கியது. “அத்தான், அது என்னையல்லோ இழுக்குது!” நல்ல வேளை, கயிற்றைக் கையில் சுற்றியிருக்கவில்லை.

இப்போது முறை இதுதான்: படகைத் திருப்பிக் காற்றை இன்னும் பின்னுக்கு எடுத்துப் பாயை மெயினின் மறைப்புக்குள் கொண்டுவருவேன், இழுகயிற்றை முழுதாக விடுவேன், அவன் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தபடி மேஸை இழுப்பான். ஒரு நிமிடம்கூட ஆகாது. இழுகயிற்று நுனியில் முடிச்சுப் போடுவதில்லை, கைமீறினால் அது ஓடிப் போகட்டும். 12 நொட்டுக்கு மேல் ஏறும்போதே இறக்கிவிடுகிறோம், கொஞ்சம் பயந்த கணக்குத்தான்.

பராமரிப்பில் இரண்டும் ஒரே நைலோன், வெயிலும் உப்பும் இரண்டையும் ஒரே மாதிரித் தின்னும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறோம். மேஸ் ஈரமாக இருந்தால் சிக்கும், அது மட்டும் கூடுதல் தொல்லை.

காற்றுக்கேற்பப் பாயை மறுபக்கம் மாற்றுவதைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல முடியாது. எங்கள் பாதையில் அதற்குத் தேவையே குறைவு, தேவைப்பட்ட இரண்டு தடவையும் மேஸை இறக்கி, பக்கம் மாற்றி, மறுபடி ஏற்றினோம். பழகியவர்கள் சிரிப்பார்கள். இரவில் ஒருதரமும் விரித்ததில்லை. கம்பு வைத்ததை நண்பர் ஒருவரின் படகில் மூன்று முறைதான் கையாண்டிருக்கிறேன், மூன்று முறையும் நாங்கள் நாலு பேர். நாட்கணக்கில் பின்காற்றில் ஓடப்போகிறவர்கள் அவரைப் போன்றவர்களிடம் கேட்பது நல்லது. கேட்டால் அவர் கம்பையே புகழ்வார், அதையும் சொல்லிவிடுகிறேன்.