ஆட்டமில்லா வாரங்களும் ஃபேன்டஸி பிரீமியர் லீக் அணியும்: சில சீசன்களின் அனுபவம்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களைக் கற்பனைப் பணத்தில் வாங்கி அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஃபேன்டஸி பிரீமியர் லீக் என்ற இணைய விளையாட்டைச் சில சீசன்களாகத் தொடர்ந்து ஆடிவருகிறேன். யாரைக் கேப்டனாக்கி அவருடைய புள்ளிகளை இரட்டிப்பாக்குவது என்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது பிளாங்க் கேம்வீக் எனப்படும் ஆட்டமில்லா வாரங்களுக்குக் காட்டினால், சீசனின் பிற்பாதி பெரிதும் சீராகிவிடும் என்பதே இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. அந்த வாரத்துக்கான வேலை நான்கைந்து வாரங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

லீக்கிலிருந்து தனியே நடக்கும் வெளியேற்றுப் போட்டிகளான லீக் கோப்பையின் இறுதியாட்டமோ எஃப்ஏ கோப்பையின் பிற்சுற்றுகளோ லீக் ஆட்டங்கள் நடக்கும் வார இறுதியிலேயே வந்துவிட்டால், கோப்பையில் எஞ்சியிருக்கும் அணியின் லீக் ஆட்டம் வேறு நாளுக்கு மாற்றப்படுகிறது. அதனுடன் மோதவிருந்த அணிக்கும், அது கோப்பையிலிருந்து எப்போதோ வெளியேறியிருந்தாலும், அந்த வாரம் ஆட்டம் இராமல் போகலாம். இந்த இரண்டாவது அணியைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 2025 ஏப்ரலில் எஃப்ஏ கோப்பை அரையிறுதிக்குச் சென்றது கிரிஸ்டல் பேலஸ். ஆனால் அதனால் 34ஆவது வாரத்தில் ஆட்டம் இழந்த அணிகளில் அர்செனலும் ஒன்று. மாற்றப்பட்ட அந்த ஆட்டம் 33ஆவது வாரத்துக்கு வந்து சேர்ந்ததால், அர்செனல் வீரர்களுக்கு அவ்வாரம் இரண்டு ஆட்டங்கள் இருந்தன, அடுத்த வாரம் ஒன்றும் இல்லை. இரட்டை ஆட்டத்தைப் பார்த்து மூன்று பேரை வாங்குபவர், அதே மூன்று இடங்கள் மறுவாரம் காலியாகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஒவ்வொரு கோப்பைச் சுற்றும் லீக்குடன் மோதுவதில்லை. 2024 மார்ச்சில் எஃப்ஏ கோப்பைக் கால் இறுதிகள் 29ஆவது வாரத்துடன் மோதியதால் அவ்வாரம் நான்கே லீக் ஆட்டங்கள் நடந்தன. அடுத்த ஆண்டு கால் இறுதிகளுக்குத் தனி வார இறுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அவற்றால் எந்த அணிக்கும் ஆட்டம் குறையவில்லை. ஆகவே சென்ற ஆண்டின் திட்டத்தை அப்படியே இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

2024-25 சீசனின் 29ஆவது வாரம் இன்னும் விரிவாகப் பார்க்கத்தக்கது. லிவர்பூலும் நியூகாசிலும் மார்ச் 16 அன்று வெம்பிளியில் லீக் கோப்பை இறுதியில் மோதின. அவற்றுடன் ஆஸ்டன் வில்லாவுக்கும் பேலஸுக்கும் லீக் ஆட்டம் இல்லை. பெரும்பாலோர் அணியில் தூண்களாக இருந்த லிவர்பூலின் சாலாவும் அப்போது நியூகாசிலில் ஆடிய இசாக்கும் ஒரே நேரத்தில் இல்லாமற்போனார்கள். அந்த இறுதியில் இசாக் அடித்த கோலுக்கு நமக்கு ஒரு புள்ளியும் கிடையாது. அத்தகைய வாரத்தில் சாலாவை விற்றுவிட்டு மறுவாரம் திரும்ப வாங்கலாம் என்று தோன்றும். விலையேற்றத்தில் பாதிதான் விற்பவர் கைக்கு வருகிறது என்பதால், 12.5 மில்லியனுக்கு வாங்கியவரை 13.5 ஆகும்போது விற்றால் 13.0தான் கிடைக்கும், திரும்ப வாங்க 13.5 தேவை. ஒரே வாரத்துக்காக அரை மில்லியனை இழப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பதினாறு அணிகள் ஆடும் வாரத்தில், சாலாவைப் பெஞ்சில் அமர்த்திவிட்டு எஞ்சியவர்களில் பதினொருவரை நிரப்புவதே மேல்.

புள்ளி கொடுத்து ஆள் வாங்குவதிலும் நிதானம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது வீரர் மாற்றத்துக்கு, மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளிகள் கழிகின்றன. அறுபது நிமிடம் ஆடுபவருக்கோ ஆடியதற்காக இரண்டு புள்ளிகளே உண்டு. கோல், அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), கிளீன் ஷீட் (அணி கோல் வாங்காமல் முடிப்பது) போன்றவற்றால் வேறு புள்ளி எதுவும் வராவிட்டால், அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் கிடைத்திருக்கும் பூஜ்யத்தைவிடக் கீழே போகிறோம். அந்த வீரர் அடுத்த சில வாரங்களுக்கும் அணியில் நீடிக்கத் தக்கவரானால் மட்டுமே இதற்கு நான் உடன்படுவேன்.

ஒரே வாரத்துக்கு முழு அணியையும் மாற்றிப் பின்பு பழைய அணியையே திருப்பித் தரும் ஃப்ரீ ஹிட் என்னும் சிப்பை (எண்ணிக்கை வரம்புள்ள சிறப்புச் சலுகையை), 2024இல் வந்ததுபோல் எட்டு அணிகள் மட்டும் ஆடும் வாரத்துக்கென்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். நான்கு அணிகள் மட்டும் விடுபடும் வாரத்துக்குச் சேமித்த இலவச டிரான்ஸ்ஃபர்களே போதும். 2024-25 முதல் அவற்றை ஐந்து வரை சேர்த்துவைக்கலாம் என்று விதி மாறியது. முன்பு இரண்டுதான் வரம்பு. இந்த மாற்றம்தான் ஆட்டமில்லா வாரங்களைச் சிப் ஏதுமின்றிக் கடக்கும் வழியைத் திறந்தது என்பேன்.

ஜனவரி முதல் கோப்பைக் குலுக்கல்களையும், அவ்வார இறுதிகளில் யார் யாருடன் மோதுகிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிவைப்பேன். செயலியின் அட்டவணையில் மாற்றம், லீக் அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகே தெரியும். அதற்குள் நல்ல மாற்று வீரர்கள் சிலரின் விலை ஏறியிருக்கும். 2025-26இல் சீசனின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியே ஒரு ஃப்ரீ ஹிட் வந்துவிட்டது. முதற்பாதிக்கு உரியதைப் பிற்பாதிக்குக் கொண்டுசெல்ல இயலாது என்பதால், கோப்பை மோதல்கள் குவியும் வசந்த மாதங்களுக்குக் கையில் இருப்பது இன்றும் ஒன்றே.