ஆறு மணி நேரத்துக்குக் கொடுத்த பணம்

வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் கற்பிக்க எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்று பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் இரண்டு வாங்கினேன். முதலாவது வீண்.

அது 120 மணி நேர டெஃபல், அதாவது வேற்றுமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்றும் இணையப் படிப்பு. காணொளி பார்க்க வேண்டும், நான்கில் ஒரு விடையைத் தொட வேண்டும். பத்தே நாளில் முடிந்துவிட்டது. மாணவர் என்று ஓர் உயிரைக்கூட நான் பார்க்கவில்லை. வியட்நாமுக்கு விண்ணப்பித்தபோது பதில் போட்ட பள்ளிகள் கேட்டது ஒன்றுதான்: பயிற்றுநர் பார்த்திருக்க எத்தனை மணி நேரம் பாடம் நடத்தினீர்கள்?

அதன் பிறகுதான், 2021இல், கேம்பிரிட்ஜ் வழங்கும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழான செல்டாவில் சேர்ந்தேன். கட்டணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அப்பா தன் வைப்புநிதியில் கை வைத்துத்தான் கொடுத்தார். இதுவும் குறைந்தது 120 மணி நேரம்தான். நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. ஆனால் உயிர்நாடி, உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்துவது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் எல்லாமே ஜூமில் நடந்தது. 45 நிமிடம் வீதம் எட்டு வகுப்புகள் எடுத்தேன். பயிற்றுநரும் சக பயிற்சியாளர்களும் கேமராவை அணைத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் வகுப்பு முடிந்ததும் பயிற்றுநர் தன் குறிப்பைப் படித்தார்: “45 நிமிடத்தில் 27 நிமிடம் நீங்களே பேசினீர்கள். ‘புரிந்ததா?’ என்று ஒன்பது முறை கேட்டீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.” என் பள்ளி நாட்கள் முழுவதும் நானும் அப்படித் தலையாட்டியவன்தான் என்பது அப்போது உறைத்தது. ‘ஐ யூஸ்ட் டு ஸ்மோக்’ (முன்பு புகைப்பேன், இப்போது இல்லை) என்பதை விளக்கத் தொடங்கினால் விளக்கம் நீண்டுகொண்டே போகும். பயிற்றுநர் காட்டிய வழி வேறு: விளக்காமல் கேள்வி கேட்பது. இவர் இப்போது புகைக்கிறாரா? முன்பு புகைத்தாரா? ஒரு முறையா, பல முறையா? மூன்று சின்னக் கேள்விகளில் யாருக்குப் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். நான் எடுத்த எட்டாவது, கடைசி வகுப்பில் என் பேச்சு பதினொரு நிமிடமாகக் குறைந்திருந்தது. எழுத்துப் பணிகளில் ஒன்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு வியட்நாமின் டா நாங்குக்குப் போனேன். அங்கே ‘நைஸ்’, ‘நைன்’, ‘நைஃப்’ மூன்றுமே பிள்ளைகள் வாயில் ‘நை’ என்றுதான் வந்தன. அவர்கள் மொழியில் அந்த ‘ஐ’ ஒலிக்குப் பின் மெய் நிற்பதில்லை. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கும் வழக்கம் நம் தமிழிலும் இல்லை. அதனால்தான் ‘புக்’ நமக்குப் ‘புக்கு’ ஆகிறது. நாம் ஓர் உகரம் கூட்டுகிறோம், அவர்கள் மெய்யையே விட்டுவிடுகிறார்கள். கரும்பலகையில் ‘புக்கு’ என்று தமிழில் எழுதி, எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம் என்று சொல்லிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி ‘நைஸ்’ என்று ‘ஸ்’ஸை அழுத்தி இழுத்தாள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் கற்றுக்கொண்டவர் என்பது குறை இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வது அந்த நாளை வைத்துத்தான்.

ஆனால் கடவுச்சீட்டு என்ற சுவரைச் சான்றிதழ் இடித்துவிடாது. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கான ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்குத்தான். என்னை நேர்காணலுக்கு அழைத்த ஒரு முகவர் நிறுவனம், நான் இந்தியக் குடிமகன் என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. ஆகவே பணம் கட்டுமுன் போக விரும்பும் நாட்டின் விசா விதியைப் படித்துவிடுங்கள். செல்டாவில் சேரப் பட்டம் கட்டாயமில்லை. வேலை அனுமதிக்குப் பெரும்பாலும் பட்டம் வேண்டும்.

வியட்நாம் வேலை அனுமதிக்குத் தேவையான காவல்துறை நன்னடத்தைச் சான்றை லால்பாக் சாலை பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக வாங்கினேன், அது எளிது. பட்டச் சான்றிதழ்தான் இழுத்தடித்தது. மாநில அரசின் சான்றொப்பம், டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், அதன்பின் வியட்நாம் தூதரகம் என்று ஏழு வாரம் ஆயிற்று. படிப்பில் சேரும் அன்றே அதை அனுப்பிவிடுங்கள்.