பெல்ட் அறுந்தால் எது பிழைக்கும்? 944, மியாட்டா, எஃப்355

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் குதிரைத்திறனை ஒப்பிடுவார்கள், அடியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். டைமிங் பெல்ட் அறுந்தால் இன்ஜின் பிழைக்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல சமயம் வருவதே இல்லை. போர்ஷே 944, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற மியாட்டா, ஃபெராரி எஃப்355 மூன்றையும் இந்த ஒரு கேள்வியில் உரசிப் பார்க்கலாம். விலையில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்தான். ஆனால் மூன்றுமே பல் வைத்த ஒரு ரப்பர் பட்டையை நம்பித்தான் ஓடுகின்றன.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கு தவறாமல் பார்த்துக்கொள்வது பெல்ட். அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும், பிஸ்டன்கள் இன்னும் ஏறி இறங்கும். திறந்தபடி நின்றுபோன வால்வுக்கும் மேலே வரும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் வால்வு வளைந்துவிடும், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியாக வேண்டும்.

1989-இல் வந்த 1.6 லிட்டர் மியாட்டாவில் அந்த இடம் இருக்கிறது. பெல்ட் போனால் கார் நடுரோட்டில் நிற்கும், அவ்வளவுதான். புது பெல்ட் மாட்டி, கிராங்க், கேம் இரண்டின் குறிகளையும் நேராகச் சேர்த்தால் மறுபடி ஓடும். மாற்றும் கெடுவும் தாராளம், சுமார் 96,000 கி.மீ. இந்த வேலையில் ஒரே ஒரு கண்ணி உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த இன்ஜின்களில் கிராங்கின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டையானது. முன் புல்லியில் நான்கு பிளவு தெரிந்தால் குட்டை மூக்கு, எட்டு தெரிந்தால் நீளமானது. பெல்ட் மாற்றிய கை அந்தப் புல்லி போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சாவி என்ற சிறு உலோகத் துண்டு தேய்ந்து கிராங்கே கெட்டுவிடும். ஆக, இங்கே பயப்பட வேண்டியது பெல்ட்டுக்கு அல்ல, போன முறை அதை மாற்றியவருக்கு.

944 இதற்கு நேர் எதிர். 1982-லிருந்து 1991 வரை வந்த நான்கு சிலிண்டர் கார். பெல்ட் போனால் வால்வு போச்சு. அதிலும் இரண்டு பெல்ட். ஒன்று கேமுக்கு, இன்னொன்று அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்கு. இரண்டாவது அறுந்தால் என்ன, கொஞ்சம் அதிரும் என்று விட முடியாது. அதன் துண்டு போய் முதல் பெல்ட்டில் சிக்கினால் அதையும் இழுத்துக்கொண்டு போகும். வாட்டர் பம்ப்பையும் இதே டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது, அதனால் பம்ப்பின் பேரிங் இறுகினாலும் கதை அதே முடிவுக்குத்தான் வரும். முன்பக்க ஆயில் சீல்கள் கசிவது இந்தக் காரின் சுபாவம். எண்ணெய் குடித்த ரப்பர் ஊறி, பல்லின் அடியில் விரிசல் விடும். மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது பெல்ட்டின் முதுகு கண்ணாடி போல மினுங்கினாலோ, ஓரத்தில் நூல் பிரிந்தாலோ யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பட்டறைகளில் பொதுவாகச் சொல்லும் கெடு 48,000 கி.மீ. அல்லது நான்கு ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அது. 1987 மாடலுக்கு முந்தையவற்றில் டென்ஷனை, அதாவது பெல்ட்டின் இறுக்கத்தை, கையால்தான் வைக்க வேண்டும்; புது பெல்ட் இளகும் என்பதால் 3,000 கி.மீ.க்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும். அதற்குப் பின் ஸ்பிரிங் டென்ஷனர் வந்து கொஞ்சம் நிம்மதி. பதினாறு வால்வு 944 எஸ் வகைகளில் இரண்டு கேம்களுக்கு நடுவே ஒரு சங்கிலியும் உண்டு. அதன் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து உடைவது தனிச் செலவு.

எஃப்355-இலும் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். இங்கே பெல்ட் விலை பெரிய விஷயமே இல்லை, கூலிதான். எட்டு சிலிண்டருக்கு நாற்பது வால்வு, பெல்ட் ஓடுவது கேபின் சுவரை ஒட்டிய முனையில். கை நுழையாது, இன்ஜினையே இறக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இந்த வைபவம். ஃபெராரிக்கே இது உறைத்திருக்க வேண்டும்: அடுத்து வந்த 360-இல் சீட்டுக்குப் பின்னால் மூடி வைத்து வழிவிட்டார்கள், எஃப்430-இல் சங்கிலிக்கே மாறிவிட்டார்கள்.

சங்கிலி என்றால் கவலையில்லை என்றும் எண்ண வேண்டாம். 1984-க்கு முந்தைய போர்ஷே 911-இல் சங்கிலி டென்ஷனர் பெயர்போன பலவீனம். ஆனால் சங்கிலி தளர்ந்தால் கடகடவென்று சத்தம் போடும், பெல்ட் பெரும்பாலும் வாயே திறக்காமல் போகும்.

என் தேர்வு மியாட்டா. வேலையை நாளை, நாளை மறுநாள் என்று தள்ளுகிறவருக்கு அதைவிட மன்னிக்கும் கார் இல்லை. சொந்தக் கையால் ஸ்பானர் பிடிப்பவர் என்றால் 944 வாங்கலாம். வாங்கிய விலையையே ரிப்பேர் பில் தாண்டக்கூடும் என்று தெரிந்தே வாங்க வேண்டும். எஃப்355 ஆசை இருந்தால் கார் விலையோடு அடுத்த பெல்ட் வேலைக்கான பணத்தையும் முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

எதை வாங்கினாலும் விற்பவர் “ஓடியதே குறைவு” என்பார். நின்ற காரிலும் ரப்பருக்கு வயதாகும். தேதி போட்ட பில் கேளுங்கள். 944, எஃப்355 இரண்டில் எதற்காவது பில் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் டிரெய்லரில் ஏற்றி, நேராகப் பட்டறைக்கு அனுப்புங்கள்.