வாட்டம் பார்த்த மேஸ்திரி: மடிப்பாக்கம் வீட்டுக் கொல்லையில் வடிகால் போட்ட கதை

மழை வந்தால் கொல்லைக் கதவைத் திறக்கவே பயந்துகொண்டிருந்த வீடு எங்களுடையது. 2024 ஆகஸ்ட்டில் ஒரு மேஸ்திரியை வைத்து வடிகால் போட்டோம். இரண்டு பெருமழையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வேலை முடிந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. தண்ணீர் வேலைக்கு மழைதான் மார்க் போட வேண்டும்.

வீடு சென்னை மடிப்பாக்கத்தில், ஒரு கிரவுண்டு, நாற்பதுக்கு அறுபது அடி. 1996-ல் கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வருவோம். பிறகு பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வளாகத்துக்குள் வர வேண்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்குள் எங்கள் தெரு ஏறிவிட்டது. ஏறின தெருவை யார் இறக்குவது?

கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, கறிவேப்பிலை, துவைக்கிற கல். அவ்வளவுதான் சொத்து. ஆனால் ஒரு கிரவுண்டில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இருபத்திரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். கோடையில் காசு கொடுத்து வாங்குகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லாரி. அது முழுக்கக் கொல்லைக்கு வந்து, போக வழி தெரியாமல் நிற்கும். மண்ணோ களி. ஈரமானால் சோப்பு, காய்ந்தால் ஓடு.

2015 வெள்ளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டின மழைக்குக் கொல்லை வடிகால் என்ன செய்யும்? நான் சொல்வது வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நடக்கிற சாதாரண அவமானம். இரண்டு மணி நேர மழைக்குக் கணுக்கால் தண்ணீர், அது வடிய நான்கு நாள், ஐந்தாம் நாள் கொசு.

இதற்கு முன்பு இரண்டு முறை பணத்தைத் தொலைத்திருக்கிறோம். 2016-ல் இரண்டு லாரி மண் அடித்துக் கொல்லையை உயர்த்தினோம். தண்ணீர் கொல்லையில் நிற்காமல் சமையலறைச் சுவரோடு நின்றது, சுவர் இடுப்பளவுக்கு ஊறியது. 2019-ல் ஒருவர் வந்து, மண்தான் பிரச்சினை, மூடிவிடலாம் என்று முழுக்க சிமென்ட் தரை போட்டுக் கொடுத்தார். யார் என்று சொல்லப்போவதில்லை. முன்பு மண்ணாவது கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தது, சிமென்ட் அதையும் நிறுத்தியது. போதாததற்குத் தரையின் சரிவு வீட்டைப் பார்த்து இருந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று, சமையலறையில் நான்கு விரல் தண்ணீர். அரிசி டிரம்மை மேடையில் ஏற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே நானும் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் வீட்டைப் பார்க்காமலே போனில், “ஒரு எச்.பி. பம்ப் போடுங்க, சரியாயிடும்” என்றார். இன்னொருவர் வழவழ காகிதத்தில் படம் போட்ட புத்தகத்தோடு வந்தார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மூன்றாவதாக வந்தவர்தான் இந்த மேஸ்திரி. மேடவாக்கம் பக்கம், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி: “தண்ணி எங்கம்மா போகணும்?”

முப்பது வருஷமாகத் தண்ணீர் வருகிறதே என்றுதான் நாங்கள் புலம்பியிருக்கிறோம். எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

அன்று அவர் கடப்பாரையைத் தொடவே இல்லை. ஒரு ட்யூப் மட்டத்தைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடி மாதிரி இருக்கும் நீளமான பிளாஸ்டிக் ட்யூப், உள்ளே தண்ணீர். ஒரு முனையைக் கூட வந்த பையன் கொல்லையில் பிடிக்க, மறுமுனையை இவர் தெருவில் வடிகால் மூடிக்குப் பக்கத்தில் பிடித்தார். நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தது. அது இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்று ட்யூபை விரலால் சுண்டிச் சுண்டி, குமிழி நகர்ந்து நகர்ந்து மேலே வந்து உடையும் வரை காத்திருந்தார். பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். பிறகுதான் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கணக்கு இப்படி வந்தது. கொல்லைத் தரை தெருவைவிடப் பதினோரு அங்குலம் கீழே. குழாய் அதற்கும் ஓர் அடி கீழே தொடங்க வேண்டும். கொல்லையில் முப்பது அடி, பக்கச் சந்தில் ஐம்பது அடி, ஆக எண்பது அடி ஓட்டம். தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவைத்தான் வாட்டம் என்கிறார்கள்; நூறு அடிக்கு ஓர் அடி என்று வாட்டம் கொடுத்தால் கிட்டத்தட்ட பத்து அங்குலம் இறங்கும். ஆக வாசலுக்குப் போய்ச் சேரும்போது குழாய் தெரு மட்டத்திலிருந்து முப்பத்து மூன்று அங்குலம் கீழே இருக்கும். தெருவின் மழைநீர் வடிகால் மூன்று அடி ஆழம். எங்கள் வீட்டுக்கு நேரே அதில் மழைத் தண்ணீர் விடுவதற்கென்று ஒரு குழாய் வாயும் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் அதைக் குப்பை அடைத்திருந்தது.

“மூணு இஞ்ச்தாம்மா மிச்சம். தூறல், சாதா மழைக்கெல்லாம் தானா ஓடிடும். வடிகால் ரொம்பிட்டா தண்ணி திரும்பி உங்க கொல்லைக்கே வரும்” என்றார். விற்க வந்தவர் தன் சரக்கின் குறையை முதலில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் எதற்குப் போடுவது என்றார்.

அதற்கும் மேஸ்திரி பதில் வைத்திருந்தார். கொல்லை மூலையில் உறை, அதாவது சிமென்ட் வளையம், இறக்கி ஒரு தொட்டி. குழாய் அந்தத் தொட்டி வழியாகத்தான் வெளியே போகும். போகிற வாயில் நான்-ரிட்டர்ன் வால்வ், வெளித் தண்ணீர் உள்ளே வர முடியாது. வால்வ் மூடிக்கொண்டால் தொட்டியில் தண்ணீர் ஏறும், மிதவை தூக்கும், அரை எச்.பி. பம்ப் தானாக ஓடித் தண்ணீரை மேலே தெருவுக்குத் தள்ளும். கேட்டுக்குக் கீழே ஆறு அங்குலத்துக்கு ஒரு வரப்பு, தெருத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க.

தண்ணீரைப் பூமிக்குள் விட முடியாதா என்று கேட்டேன். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்களும் ஒரு குழி போட்டிருந்தோம். அவர் உடனே முடியும், முடியாது என்று சொல்லவில்லை. வாழைக்குப் பக்கத்தில் ஓர் அடிக் குழி தோண்டி, வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நட்டு அதில் நகத்தால் கீறிவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தால் நான்கு விரல்தான் இறங்கியிருந்தது. “ராத்திரி முழுக்க இவ்ளோதான் குடிச்சிருக்கு. மழை நேரத்துல இது எங்கம்மா குடிக்கப் போவுது?” மொட்டை மாடித் தண்ணீர் பழைய குழிக்கே போகட்டும், நிரம்பினால் வழிவது மட்டும் புதுக் குழாயில் சேரட்டும் என்று முடிவானது.

வேலை ஏழு நாள். சிமென்ட் தரையை உடைத்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைக்க மாட்டேன். ஒன்றேகால் அடி அகலம், இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம். அதில் ஜியோடெக்ஸ்டைல் என்கிற துணியை விரித்தார்கள். பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கிறது. தண்ணீரை விடும், களியை விடாது. அதற்குள் முக்கால் இஞ்ச் ஜல்லி, ஜல்லிக்கு நடுவே துளை போட்ட நாலு இஞ்ச் பிவிசி குழாய், மேலே மறுபடி ஜல்லி. கடைசியில் துணியை இரண்டு பக்கமும் மடித்து, குழந்தையைத் துண்டில் சுற்றுவதுபோல மூடினார்கள். குழாயின் துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருந்தன. தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். மேஸ்திரி சிரித்தார். “தண்ணி மேலேருந்து குழாய்ல விழாதும்மா. ஜல்லியில ரொம்பி, கீழேருந்துதான் ஏறி உள்ள வரும். ஓட்டை மேல இருந்தா மண்ணுதான் விழும்.” அஞ்சலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த எனக்கு இது புரிய ஒரு தம்ளர் காபி நேரம் ஆனது.

பக்கச் சந்தில் துளையில்லாத குழாய். அதைப் புதைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் கொல்லையில் ஊற்றச் சொன்னார். எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். ஒரு நிமிஷம் கழித்து மஞ்சள் தண்ணீர் வந்தது. வாட்டம் சரி.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கூலி 21,000. பம்ப் 11,000. குழாய் 6,500, ஒரு யூனிட் ஜல்லி 6,000, உறையும் மூடியும் 4,500, துணி 2,500. தரை உடைத்த மெஷின் வாடகை 3,000, கட்டடக் கழிவை அள்ளிப் போனதற்கு 3,500, வால்வ், எல்போ, ஒயர் என்று சில்லறை 3,500. மொத்தம் 61,500. முதலில் அவர் சொன்னது 55,000. கழிவு அள்ளுவதையும் மெஷினையும் கணக்கில் விட்டுவிட்டேன் என்றார். விட்டிருக்கக் கூடாது. இது முதல் குறை.

இரண்டாவது, திங்கட்கிழமை வருகிறேன் என்றவர் ஒன்பது நாள் கழித்து வந்தார். மூன்றாவது, கறிவேப்பிலையின் வேரை வெட்டிவிட்டார்கள். முக்கால்வாசி பட்டுப்போனது. செடிக்கு ஓர் அடி தள்ளி வளைத்துப் பள்ளம் எடுத்திருக்கலாம். நான் குளிக்கப் போன நேரத்தில் நடந்தது. நான்காவது குறை மூடி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, மழை. முதல் பரீட்சை அக்டோபர் 15. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்களே, அந்த மழை. அன்று காலை நான்கு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கொல்லையில் தண்ணீர் இருந்தது, நிற்கவில்லை. துவைக்கிற கல்லைச் சுற்றி மெதுவாகச் சுழித்துக்கொண்டு மூலையைப் பார்த்துப் போனது. மூடியில் காதை வைத்தால் உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. பம்ப் இரண்டு முறை ஓடி நின்றது. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் மண் தெரிந்தது. அதே மழைக்கு முந்தைய வருஷம் என்றால் நான்கு நாள்.

இரண்டாவது, நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். இது அவ்வளவு சுகமில்லை. தெரு வடிகால் நிரம்பியது, வால்வ் மூடியது, அது வரை எல்லாம் அவர் சொன்னபடிதான். அப்புறம் கரண்ட் போனது. பம்ப் இல்லை. ஐந்து மணி நேரத்தில் கொல்லையில் கணுக்கால் வரை ஏறிவிட்டது. ஆனால் சமையலறைப் படியைத் தாண்டவில்லை. தரையைப் பெயர்த்து மண்ணைச் சரித்தபோது சரிவை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தார், அதுதான் காப்பாற்றியது. மேஸ்திரிக்குப் போன் செய்தேன். “கரண்ட் வந்தாலும் தெருவுல தண்ணி இருக்கறப்ப பம்ப் ஓட்டாதீங்கம்மா, சுத்திச் சுத்தி அதே தண்ணிதான் வரும். தெரு எறங்குனதும் போடுங்க” என்றார். அப்படியே செய்தோம். மறுநாள் மத்தியானம் கொல்லை காலி. பம்ப்பை இன்வெர்ட்டரில் சேர்க்க முடியுமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டிருக்கிறோம். இதை முதலிலேயே யோசித்திருந்தால் ஒயர் ஒரே தடவையில் இழுத்திருக்கலாம்.

இதே வேலை யோசிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் தெரு வடிகால் கொல்லைக் குழாயைவிட மேலே இருந்தால் வால்வும் வாட்டமும் உதவாது, முழுக்கப் பம்ப்பை நம்பித்தான் இருக்க வேண்டும். அதனால் முதலில் ட்யூப் மட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிக்காமலே விலை சொல்கிறவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மழைத் தண்ணீரைக் கழிவுநீர் மேன்ஹோலில் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் காபிகூட வேண்டாம். அது நிரம்பினால் உங்கள் வீட்டுக் கழிவறை வழியாகத்தான் திரும்பி வரும்.

மேஸ்திரியின் நம்பரை இங்கே போடவில்லை. ஆள் மொத்தம் மூன்று பேர், மழைக்காலத்துக்கு முன்பு இருக்கிற வேலையே தாங்கவில்லை, போடாதீங்கம்மா என்று அவரே சொல்லிவிட்டார். எங்கள் தெருவிலேயே அவர் வேலை செய்த வீடு இப்போது மூன்று.

மூடி விஷயம் இதுதான். தொட்டிக்கு முன்னால் குப்பை தங்க ஒரு சின்னச் சேம்பர் வைத்து, அதற்குக் கம்பி வலை மூடி போட்டிருக்கிறார். வலைக் கண் பெரிது. முருங்கை இலை பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே இறங்கி, கீழே சேறாகப் படிகிறது. மழைக்கு முன்பும் பின்பும் நானே குனிந்து தேங்காய் ஓட்டால் அள்ளிப் போடுகிறேன். அறுபத்து நான்கு வயது முதுகுக்கு அது நல்லதில்லை. பொடிக்கண் வலையில் மூடி செய்து தருகிறேன் என்று பொங்கலுக்குச் சொன்னார், சித்திரைக்கும் சொன்னார். கணக்கில் இரண்டாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறேன். கேட்கவும் மாட்டேன் என்கிறார், மூடியும் வரவில்லை. மூடி வந்த அன்று பணம் கையில்.