மலை ஏறும் கேம்பர் வேனுக்கு எந்த எஞ்சின்: 2.6 டீசலா, 2.2 டீசலா, 1.2 பெட்ரோலா?

உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் போகும் கேம்பர் வேன் கட்ட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது ஹெச்பி. மலைக்கு அது பெரிதாக உதவாத எண். மூன்றரை டன் வண்டி 8 சதவீத ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறக்குறைய 50 ஹெச்பிதான். நேர் ஏற்றத்தில் எந்த வண்டியும் எப்படியோ போய்விடும். திணறுவது கொண்டை ஊசி வளைவில்: வேகம் பத்துக்கு இறங்கி, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) சரிந்து, வண்டியை மறுபடி தூக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று விநாடியில். அங்கே பேசுவது குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் டார்க்கும் (எஞ்சினின் முறுக்கு விசை), வண்டியின் எடையும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பழைய வேனை வாங்கி வேறு எஞ்சினை இறக்கிக்கலாம்" என்பது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு ஆர்சியில் உள்ள விவரம் உற்பத்தியாளர் தந்த மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது என்றால் வண்டியைத் தேர்ந்தெடுப்பதுதான்.

ஃபோர்ஸ் டிராவலர். 2,596 சிசி டீசல், 115 ஹெச்பி, 1,400 முதல் 2,200 ஆர்பிஎம் வரை 350 என்எம் (டார்க்கின் அளவு). சாமான் ஏற்றி மூன்றரை டன் வந்தாலும் டன்னுக்கு 100 என்எம் நிற்கிறது. பின்சக்கர இழுவை என்பதால் ஏற்றத்தில் பின்னால் சாயும் எடை டயரை ரோட்டோடு அழுத்துகிறது. சிக்கல் 1,400க்குக் கீழே. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழிக்காத அந்த இடத்தில் வண்டி செத்த மாதிரி இருக்கும். இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைந்து, பாதியில் அடங்கி, அரை கிளட்ச்சில் பிடித்துப் பிளேட்டைக் கருக்குவது இதனால்தான். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். வாங்கும்போது நீள வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம்) தவிர்த்து 3,350 மி.மீ. வீல்பேஸையே எடுங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஒரே வெட்டில் திரும்பாத வண்டி ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஏற்றத்தில் ரிவர்ஸ் போல கிளட்ச்சைத் தின்பது வேறெதுவும் இல்லை.

டாடா விங்கர். 2,179 சிசி, 100 ஹெச்பி, 200 என்எம். டார்க் குறைவு, ஆனால் 1,000 ஆர்பிஎம்மிலிருந்தே முழுசாகக் கிடைக்கிறது. வளைவில் அடங்கி நிற்கும் தொல்லை டிராவலரைவிடக் குறைவு. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் ஓடாததால் தளம் தாழ்ந்திருக்கும். உள்ளே நிமிர்ந்து நிற்கத் தோதான வண்டி. ஆனால் முன்சக்கர இழுவை. ஏற்றத்தில் எடை பின்னால் போகிறது, இழுக்க வேண்டிய சக்கரமோ முன்னால். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு. ஜூன், ஜூலை மழையில் உள்பக்கம் திரும்பும்போது முன் உள்சக்கரம் கீச்சென்று சுழலும். முழு ஸ்டியரிங் ஒடிப்பில் "டக் டக்" என்று கேட்டால் முன்சக்கரத்தைத் திரும்பும்போதும் சுழற்றும் இணைப்பான சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். விங்கரில் கட்டுவதானால் பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் முன்சீட்டுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பின் ஆக்சிலுக்கு அப்பால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்டயரின் பிடியைத் தளர்த்தும்.

மாருதி ஈகோ. இருவருக்கு மட்டும். 1,197 சிசி பெட்ரோல், 3,000 ஆர்பிஎம்மில் 104 என்எம். டர்போ இல்லை, அதனால் உயரம் ஏற ஏறக் காற்று குறைந்து, ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இருந்தும் ஒழுங்காக ஏறும், கட்டுமானமும் சாமானும் சேர்த்து 200 கிலோவுக்குள் நின்றால். மைலேஜுக்கு ஆசைப்பட்டு மூன்றாவது கியரில் 1,500ல் இழுத்தால் எஞ்சின் நாக் அடித்துச் சூடேறும். இரண்டாவது கியரில் 3,000ல் இரைந்துகொண்டே ஏறட்டும், அந்தச் சத்தத்தால் கெடுதல் இல்லை. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பேட்டரியையும் கேஸ் சிலிண்டரையும் அந்தப் பக்கமே வைக்கக் கூடாது. சிஎன்ஜி ஈகோ 95 என்எம்தான். சிலிண்டர் படுக்கை இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மலைக்கு வேண்டாம்.

மின்சார வேன் கணக்கு: மூன்றரை டன்னை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தூக்க மட்டுமே 18 யூனிட் செலவு. சின்ன சரக்கு வண்டியான ஏஸ் இவியின் மொத்த பேட்டரியே 21.3 யூனிட். இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பிஎஸ்6 (இப்போதைய புகை விதி) டீசல் எதை எடுத்தாலும் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் உண்டு. மலை ஏறுவது அதற்கு நல்லதுதான். லோடில் புகைக்குழாய் சூடேறிக் கரி எரிந்துவிடும். கெடுப்பது கேம்ப் போட்ட இடத்தில் இரவெல்லாம் ஐடிலில் ஏசி ஓட்டுவது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அவிநாசி–சேலம் நெடுஞ்சாலையில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். விளக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி தானே பவரைக் குறைத்துக்கொள்ளும், அதுவும் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே எங்காவது.

ரேடியேட்டர் மூடியை யாரும் பார்ப்பதில்லை. ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதைக் கொதிக்காமல் அமுக்கி வைப்பது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமும் ஸ்பிரிங்கும்தான். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி, ரப்பரில் வெடிப்போ பள்ளமோ இருந்தால் மூடியையே மாற்றுங்கள். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட வேண்டும். டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்க்கொண்டிருக்கட்டும்.

இறங்கும்போது டீசலுக்குப் பெட்ரோல் அளவுக்கு எஞ்சின் பிரேக் கிடையாது, காற்றை அடைக்கும் திராட்டில் அதில் அந்த வேலையைச் செய்வதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கணும். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

பாடி கட்டக் கரூர் பக்கம் கைதேர்ந்தவர்கள் நிறைய. ஆனால் பஸ் கட்டிய கை கனமாகத்தான் கட்டும். 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஒன்று 35 கிலோ, 12 மி.மீ. போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும், அதே வேலைக்கு லித்தியம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தண்ணீர் 20 லிட்டரோடு ஏறி, மிச்சத்தை மேலே பிடித்துக்கொள்ளலாம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் காலி வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டப்போகும் எடைக்குச் சமமாக மணல் மூட்டை ஏற்றி, கல்லாறிலிருந்து பர்லியார் வரை ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா, வளைவு முடிந்து ஆக்சிலேட்டர் கொடுத்ததும் கரும்புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். நடு ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி முதல் கியரில் எடுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் செட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.